வெள்ளை டைல்ஸும் மிரண்ட மீன்களும்

1988 அக்டோபர் 24, திங்கட்கிழமை. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்த நாள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வாசல் கம்பங்களில் கட்டிய வாழைக்கன்றுகள் வாடித் தொங்கின. பூசணிக்காய் உடைத்த இடத்தில் சிவப்புக் கறை இன்னும் போகவில்லை. கார்டைப் பஞ்ச் செய்தேன், வெள்ளைக் கோட்டை மாட்டினேன், குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்தேன், பிஎச் மீட்டரைச் சரிபார்த்தேன். முதல் தொட்டியில் ஒரு நீர் மாதிரி, கடைசித் தொட்டியில் ஒரு மாதிரி எடுத்து, கேன்டீன் டீ வருவதற்குள் அளவுகளை எழுதிவிட வேண்டும். என் எல்லாத் திங்கட்கிழமைகளும் இப்படித்தான் தொடங்கின.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வேலையின் நடைமுறையை நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது, என் காலத்தைவிட நல்ல கருவிகளும் இருக்கின்றன. கையில் உள்ள அளவுகள் ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றைப் பார்க்க, எதிரே ஒருவர் பதிலுக்காகக் காத்து நிற்கும் நேரங்கள் வரும். அப்படி ஒரு நாளைத்தான் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலை இயந்திரப் பாகங்கள் செய்வது. பாகங்களைக் கழுவிய நீரும் கேன்டீன் நீரும் எங்களிடம் வரும். வரிசையாகப் பல தொட்டிகளைக் கடந்து, கடைசியில் ஒரு சிமென்ட் தொட்டிக்குள் விழும். அதில் மீன் வளர்த்தோம். கிருஷ்ணகிரி அணையிலிருந்து குஞ்சுகளாக வாங்கி வந்த கெண்டைகள். பார்வையிட வருபவர்களுக்குத் தண்ணீர் நல்லது என்று காட்ட அது வசதி. ஆனால் அந்த மீன்களை எங்களைவிட அதிகம் நம்பியவர் நாராயணப்பா.

மதிலுக்கு அப்பால் அவருடைய நிலம். கிணறு வற்றத் தொடங்கிய பிறகு எங்கள் தண்ணீரைக் கால்வாய் வழியாக எடுத்துக்கொள்ள ஏற்பாடு. காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், நடைமுறையில் அந்த ஏற்பாட்டுக்கு ஒரே நிபந்தனைதான். காலையில் வருவார். தொட்டியின் தெற்குச் சுவரருகே குந்தி, மடியிலிருந்து பொரியை எடுத்துத் தூவி, "ரா, ரா" என்று தெலுங்கில் மீன்களைக் கூப்பிடுவார். மீன்கள் வந்து தின்றால் எழுந்துபோய்க் கால்வாயின் வால்வைத் திறப்பார். நான் எழுதும் அளவுகளை ஒரு நாளும் கேட்டதில்லை.

"அணை மீன்ணா அது. தமிழ்ல கூப்பிடுங்க, புரியும்" என்பார் அன்வர் பாய்.

"உன் தமிழே எனக்குப் புரியல பாய், மீனுக்கு எங்க புரியப் போவுது?" என்பார் நாராயணப்பா.

அன்வர் பாய் எங்கள் பராமரிப்பு ஃபோர்மேன். கிருஷ்ணகிரிக்காரர். பம்பு, குழாய், கொத்து வேலை எல்லாம் அவர் பொறுப்பு. பொறுப்பில் இல்லாத ஒன்று மீன்கள், அதனாலேயே அவற்றின்மேல் அவருக்கு அதிகப் பிரியம். பூஜைக்கு முந்தைய வாரம் நான் தருமபுரியில் அக்கா மகள் கல்யாணத்தில் இருந்தேன். ஆயுத பூஜைக்கு எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் எல்லாவற்றையும் கழுவி, வர்ணம் அடித்து, பொட்டு வைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். லேத்துக்குச் செய்ததை மீனுக்கும் செய்ய வேண்டும் என்று பாய்க்குத் தோன்றிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை நான் மாதிரி எடுக்கப் போனபோது தொட்டி பளபளத்தது. பாசி படிந்து கரும்பச்சையாக இருந்த தரையும் சுவரும் முழுக்க வெள்ளை டைல்ஸ். கேன்டீன் கழுவுமிடத்துக்கு வாங்கியதில் மிஞ்சியவை. மூலையை அடைத்திருந்த ஆகாயத்தாமரை இல்லை. உள்ளே கிடந்த செங்கற்கள் இல்லை. விளிம்பில் மஞ்சளும் குங்குமமும். தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிந்திருந்தது.

"எப்படி மேடம்?" பாய் பின்னால் நின்றார். "இனிமே ஒவ்வொரு மீனும் தனித்தனியா தெரியும்."

தெரிந்தது. எல்லா மீனும் வடகிழக்கு மூலையில், தரையோடு தரையாக, ஒன்றன்மேல் ஒன்று அடைந்து அசையாமல் கிடந்தன.

நான் குனிந்தேன். மொத்தக் கூட்டமும் வெடித்துச் சிதறியது. சில சுவரில் மோதின. அடுத்த கணம் மறுபடி அதே மூலை, அதே அசைவின்மை.

அதற்குள் நாராயணப்பா வந்துவிட்டார். பண்டிகைக்கு எடுத்த மஞ்சள் சட்டை போட்டிருந்தார். குந்தினார், பொரியைத் தூவினார், "ரா, ரா" என்றார். பொரி மிதந்தது. ஒன்றும் வரவில்லை. இன்னொரு பிடி தூவினார். அதுவும் மிதந்தது.

"உங்க புதுச் சட்டையப் பாத்தா எனக்கே பயமா இருக்குண்ணா" என்றார் பாய். யாரும் சிரிக்கவில்லை.

நாராயணப்பா என்னைப் பார்த்தார். "அம்மா, என்னா ஆச்சு இதுங்களுக்கு? நோவா? தண்ணில எதுனா கலந்துட்டாங்களா?"

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மதிலுக்கு அப்பால் அவருடைய தக்காளி நாற்றங்கால் இருந்தது. அந்த ஆண்டு மழை தள்ளிப் போயிருந்தது. விடுமுறையில் எங்கள் தண்ணீரும் நின்றுவிட, நாற்று தலை சாய்ந்து கிடந்தது. அது அவருக்கு மட்டுமல்ல, தம்பிகள் நிலத்துக்கும் சேர்த்து விட்ட நாற்று. ராயக்கோட்டைச் சந்தைக்குப் போக வேண்டிய அந்தப் பருவத்து வெள்ளாமை முழுவதும் அந்தப் பாத்திகளில்தான் இருந்தது.

"இன்னிக்கு வெயில் எப்படியோ தாங்கிடும்மா. நாளைக்குத் தாங்காது. தண்ணி வுட்டாவணும். ஆனா கெட்ட தண்ணிய வுட்டா இன்னிக்கே போயிடும். நீயே சொல்லு, வால்வத் தொறக்கட்டுமா, வேணாமா?"

ஓடிப்போய்ச் சோதித்தேன். பிஎச் சரி. கரைந்த ஆக்சிஜன் சரி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம்கூட. எண்ணெய்ப் பசை இல்லை. ஆனால் என் பரிசோதனை அறையால் பார்க்கக்கூடியவை இவ்வளவுதான். பார்க்க முடியாதவற்றின் பட்டியல் இதைவிட நீளம். பாயைக் கூப்பிட்டு டைல்ஸ் ஒட்டிய விதத்தைக் கேட்டேன். வெள்ளை சிமென்ட் பூசி, தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு வடித்து, திரும்பத் திரும்பக் கழுவியிருந்தார். அதுவரை மீன்களை டிரம்மில் வைத்திருந்து, சனிக்கிழமைதான் விட்டிருக்கிறார். எல்லாம் முறையாகத்தான் செய்திருந்தார்.

திரும்பிப் போனபோது ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் மதிலோரக் கதவு வழியாக வந்து தொட்டியைச் சூழ்ந்திருந்தார்கள். ஒருவர் யோசனை சொன்னார்: "ஒரு மீனப் புடிச்சு எங்க கெணத்துத் தண்ணில வுடுங்க. தெளிஞ்சிச்சுன்னா உங்க தண்ணி தப்பு."

கேட்க நியாயமாக இருந்தது. அலுமினிய அண்டாவில் கிணற்று நீர் வந்தது. பாய் வலை போட்டு ஒரு மீனைப் பிடித்து விட்டார். அது அண்டாவின் அடியில் போய்ப் படுத்தது. செவுள் மட்டும் வேகமாக அடித்தது. துடுப்புகூட ஆடவில்லை.

"அவ்ளோதான். ஏறிப்போச்சு வெசம்" என்றார் யோசனை சொன்னவர்.

தெளிந்தால் எங்கள் தண்ணீர் தப்பு, தெளியாவிட்டால் விஷம் ஏறிவிட்டது! எப்படி விழுந்தாலும் ஒரே பதில் தரும் சோதனை அது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாராயணப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் மேனேஜர் அப்போதுதான் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். கால்வாய் திறக்காவிட்டால் எங்கள் சேமிப்புக் குளம் மறுநாள் மதியத்துக்குள் நிரம்பிவிடும், கழுவும் பிரிவை நிறுத்த வேண்டும். அவருக்கு அந்த நெருக்கடி. ஆனாலும் 'திற' என்று சொல்லவில்லை. என்னைத் தனியே அழைத்தார்.

"ஏம்மா, நீ என்ன நினைக்கிற?"

"பயந்திருக்குன்னு தோணுது சார். நோய் இல்ல."

"தோணட்டும். என்ன நடந்தா 'நான் நினைச்சது தப்பு'ன்னு ஒத்துக்குவ? அத முதல்ல எங்கிட்ட சொல்லு. அப்புறம் போய்ப் பாரு. பாத்துட்டு வந்து சொன்னா, எதப் பாத்தாலும் நமக்குத் தோதா பேசிருவோம்."

என் பணிக்காலத்தில் யாரும் எனக்குச் சொன்னவற்றில் அதிகம் உபயோகப்பட்டது இதுதான். நின்று யோசித்தேன். மூச்சுக்குத் தவிக்கும் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். நஞ்சேறிய மீன் நிலை தவறிச் சாயும், சுழலும், கையை ஆட்டினாலும் கவனிக்காது. இவையோ நிழல் விழுந்தாலே பறக்கின்றன. ஓடத் தெம்பு இருக்கிறது, கூட்டமாகச் சேரப் புத்தி இருக்கிறது. வெள்ளைத் தரையில் அவற்றின் கரிய முதுகு வெள்ளைத் தாளில் மைக்கோடு போலப் பளிச்சென்று தெரிந்தது. பாசித் தரையில் மேலிருந்து பார்க்கும் மீன்கொத்திக்குக் கூடத் தெரியாமல் வாழ்ந்தவை. ஒளிய இலையும் இல்லை, செங்கல்லும் இல்லை. வெட்டவெளியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம். அண்டாவில் விட்டதும் அப்படித்தான். வலையில் பிடித்து, கூட்டத்திலிருந்து பிரித்து, மினுங்கும் பாத்திரத்தில் ஒற்றையாக விட்டால் எந்தத் தண்ணீரிலும் அது உறைந்துதான் கிடக்கும்.

மேனேஜரிடம் சொன்னேன்: "தண்ணிய மாத்தாம, மீனையும் தொடாம, பாதித் தொட்டிக்கு மேல சாக்கு போட்டு மூடறேன். கோளாறு தண்ணில இருந்தா சாக்குக்கு அடியிலயும் இப்படியேதான் கிடக்கும். பயம்னா நிழலுக்குப் போகும், பிரிஞ்சு நீந்தும், தின்னும். சாயங்காலம் ஷிஃப்ட் முடியறதுக்குள்ள தின்னலைன்னா நான் சொன்னது தப்பு. வால்வு மூடியே இருக்கட்டும். மாதிரிய பெங்களூர் ஆய்வகத்துக்கு அனுப்பிடலாம்."

"குளம் ரொம்பினா?"

"கழுவறத நிறுத்தணும் சார்."

"சரி, நிறுத்தறேன்" என்றார். அவ்வளவுதான்.

அண்டா மீனைத் தொட்டியில் சேர்த்தோம். ஊர்க்காரர்களை மதிலுக்கு அப்பால் போகச் சொன்னோம். நாராயணப்பா நகரவில்லை. "என் கண்ணால பாக்காம நான் தொறக்க மாட்டேன்" என்றார். அது நியாயம். சாக்கு விரிக்கவிருந்த பக்கத்தில், தன் நிழல் தண்ணீரில் விழாத இடத்தில் உட்கார்ந்தார்.

கோணிச் சாக்கைப் பாதித் தொட்டிக்கு மேல் விரித்த சற்று நேரத்தில் மூலைக் கூட்டம் நகர்ந்தது. சுவரை ஒட்டியே ஊர்ந்து, நிழலின் விளிம்பு வந்ததும் மொத்தமாக உள்ளே புகுந்தது. வெள்ளைப் பாதி காலியாகிவிட்டது.

"ஒளிஞ்சு சாவப் போவுதோ என்னவோ" என்று முணுமுணுத்த நாராயணப்பா சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரே கலவரம்.

"அண்ணா! புதுசா குடிவந்தவங்க வீட்ட எட்டிப் பாக்கற மாதிரி பாக்காதீங்க!" என்று கத்தினார் பாய். பிறகு சத்தமில்லாமல் போய்ச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். அவர் முகம் வாடியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"அழகா இருக்கணும்னுதான் மேடம் செஞ்சேன். என் கையால."

"அழகாத்தான் இருக்கு பாய். நம்ம கண்ணுக்கு."

"அதுங்களுக்கு?"

"அதுங்களுக்குக் கூரை இல்லாத வீடு."

அவர் கேன்டீன் பின்புறம் போனார். வரும்போது இரண்டு கையிலும் ஆகாயத்தாமரை. தூக்கிப் போட்டது சாக்கடையோரப் பள்ளத்தில் உயிரோடு இருந்ததாம், குழாயடியில் அலசிக்கொண்டு வந்திருந்தார். தொட்டியில் போடக் கை நீட்டியவரை நான் தடுத்தேன். "இப்ப வேணாம் பாய். ரெண்டையும் சேத்து மாத்தினா எதனால தெளிஞ்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது." வாளியில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார், குழந்தை பிறந்த ஆஸ்பத்திரி வாசலில் பழப்பையோடு நிற்பவரைப் போல.

காத்திருப்பதுதான் கடினம். இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். நெருக்கடியில் எதையாவது செய்துகொண்டே இருக்கத் தோன்றும். மீன் விஷயத்தில் நீங்கள் செய்யும் ஒவ்வொன்றும் இன்னொரு பயம். எட்டிப் பார்ப்பது பயம், குச்சியால் தள்ளுவது பயம், வலை பெரிய பயம். சுவரில் மோதி உரசிய மீனின் தோலிலிருந்து தண்ணீரில் கலக்கும் ஏதோ ஒன்று மற்ற மீன்களையும் மிரட்டும் என்று பிற்பாடு படித்தேன். காலையில் நாங்கள் குனியக் குனிய அது இன்னும் மோசமானதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சில ஆண்டுகள் கழித்துத் தொட்டியை ஒட்டி ஒரு கம்ப்ரஸரை வைத்தார்கள். அப்போதும் மீன்கள் எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடந்தன. யாரும் தண்ணீரைச் சந்தேகிக்கவில்லை. தரையில் கையை வைத்துப் பார்த்தோம், அதிர்ந்தது. அடியில் ரப்பர் கட்டை கொடுத்ததோடு சரியாயிற்று. முதல் தடவை கற்றுக்கொண்டதால் இரண்டாம் தடவை எளிதாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாக்குக்கு அடியில் கூட்டம் தளர்ந்தது. தரையை விட்டு நடுநீருக்கு வந்தன. ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நீந்தின. நாராயணப்பா பொரியை நிழலின் விளிம்பில், தூவாமல், மெல்ல வைத்தார். கூப்பிடவில்லை. பொரி ஊறிக் கனத்தது. ஒரு பெரிய மீன் விளிம்பு வரை வந்து, திரும்பிப் போயிற்று. மறுபடி வந்து, திரும்பிற்று. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்.

டீ மணி அடித்தது. எனக்குத் தூக்கிப் போட்டது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்கும் பிறகுதான் அந்தப் பெரிய மீன் ஒரு பொரியைக் கவ்விக்கொண்டு உள்ளே ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையாக. ஒன்றுகூட வெள்ளைப் பக்கம் தலை நீட்டவில்லை. ஆனால் விளிம்பில் ஒரு பொரி மிச்சமில்லை.

"தின்னுது" என்றார் நாராயணப்பா, ரகசியம் போல.

பாய் வாளியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். ஆகாயத்தாமரையை ஒவ்வொரு செடியாக, தண்ணீர் சலசலக்காமல் இறக்கினார். அந்தக் கனத்த கைகளால் அவ்வளவு மெதுவாக ஒன்றைச் செய்ய முடியும் என்று அன்றுதான் கண்டேன். டைல்ஸ் தரையில் உடைந்த மண் ஓடுகளைப் பரப்பிவிடலாம் என்று அவரே சொன்னார். "மேல வெள்ளை தெரியாது. அடியில பூந்துக்கவும் எடம் இருக்கும்."

நான் நாராயணப்பாவிடம் வால்வைத் திறக்கலாம் என்றேன். அவர் எழுந்தார், நாலடி நடந்தார், நின்றுவிட்டார்.

"கண்ணு நம்புதும்மா. கை நம்ப மாட்டேங்குது."

எனக்குக் கோபம் வரவில்லை. அது அவருடைய நாற்று. என் பேச்சு தப்பானால் எனக்குப் போவது கொஞ்சம் பெயர். அவருக்கு அந்த வருடமே போய்விடும். மீன்களுக்கு நான் வைத்த சோதனையை நாற்றுக்கும் வைப்பதுதானே முறை? "ஒரே ஒரு பாத்திக்கு மட்டும் இப்ப ஊத்துங்க. மத்ததுக்கு காலைல, வெயில் ஏறறதுக்கு முன்ன. இருக்கற பாத்தில எது போனா தாங்குவீங்களோ அத எடுங்க."

மதில் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கடைசிப் பாத்தி. அதுல கொஞ்சம் பழுதா மொளச்சிருக்கு." பிறகு தலையை ஆட்டினார். "வேணாம். பழுதானதுக்கு ஊத்திப் பாத்தா என்னா தெரியும்? நடுப் பாத்திக்கே ஊத்தறேன்."

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். கழுவும் பிரிவை மறுநாள் தாமதமாகத் தொடங்க ஒப்புக்கொண்டார். குளத்தில் இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது. சூரியன் இறங்கும் நேரம் பாயும் நாராயணப்பாவும் தொட்டி நீரைக் குடங்களில் சுமந்து நடுப் பாத்திக்கு ஊற்றினார்கள். "பாய், நாத்த மிதிக்காத, அது உன் டைல்ஸ் இல்ல" என்ற குரல் மதிலுக்கு அப்பாலிருந்து வந்தது. "நீங்க ஊத்துங்கண்ணா, எனக்குத் தெரியும்" என்ற பதிலும் வந்தது. பாயின் குரலில் பழைய தெம்பு கொஞ்சம் திரும்பியிருந்தது.

மறுநாள் காலை நான் கோட்டை மாட்டவில்லை, பரிசோதனை அறையைத் திறக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, மதிலோரக் கதவு வழியாக நேரே நாற்றங்காலுக்குப் போனேன். இருவரும் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார்கள். இரு பக்கமும் பாத்திகள் தலை சாய்ந்து கிடக்க, நடுப் பாத்தி மட்டும் நிமிர்ந்து நின்றது. நாராயணப்பா குனிந்து ஒரு நாற்றின் இலையைத் திருப்பிப் பார்த்தார், தண்டை விரலால் தடவினார், இன்னொன்றையும் அப்படியே பார்த்தார். பிறகு வால்வு இருக்கும் இடத்துக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். அவர் சக்கரத்தில் கை வைக்காமல் ஒதுங்கி நின்றார்.

"நீயே தொற, பாய்" என்றார்.

பாய் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, திறந்தார்.